பழையது நுழையக் கூடாத வீடு

மட்டாஞ்சேரி
3 அக்டோபர் 2025

அத்தான்,

கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து படியுங்கள். வந்துவிட்டது! ஆறு வருடமாகக் காத்துக் கிடந்த செய்தி இன்று காலை பதினோரு மணிக்கு வந்துவிட்டது. பெண் குழந்தை. மூன்றரை வயது. பெயர் சுப்ரியா. திருச்சூர்ப் பக்கம் ஒரு இல்லத்தில் இருக்கிறாள். நம்முடைய தத்துக் கோப்பைப் பார்க்கும் பிந்து மேடம் போனில் பெயரைச் சொன்னதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அத்தை கப்பைக் கிழங்கு அரிந்துகொண்டிருந்தார். சொன்னதும் கத்தியும் கையுமாகச் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். அம்மன் பயந்திருக்கும்.

படம் வந்திருக்கிறது. உங்கள் கப்பலில் நெட் கெட்டுப்போக இந்த மாதம்தானா கிடைத்தது? ஆபீஸ் மெயிலில் எழுத்து மட்டும்தான் போகும் என்றால் நான் எப்படிக் காட்டுவேன்? எழுத்தில் சொல்கிறேன். பெரிய நெற்றி. முன்பல்லில் சின்ன இடைவெளி. கக்கத்தில் ஒரு நீலத் துண்டை இடுக்கிக்கொண்டு, படம் எடுத்தவரை “நீ யாரு?” என்று கேட்பது மாதிரிப் பார்க்கிறாள். எனக்கு அந்தப் பார்வை ரொம்பப் பிடித்துவிட்டது.

நாளைக்குள் இரண்டு பேரும் சம்மதம் சொல்ல வேண்டும். சரி என்று ஒரு வரி அனுப்புங்கள். முப்பதாம் தேதி போய்க் கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறார்கள். உங்கள் கப்பல் வல்லார்பாடம் துறைமுகத்துக்கு வருவது இருபத்தெட்டு. கணக்கு எப்படிச் சேர்ந்திருக்கிறது பாருங்கள்.

கப்பலில் மற்றவர்கள் படிக்கக் கூடாது என்று தமிழில் எழுதச் சொன்னீர்கள். மலையாளம் என்றால் சரளமாக வரும். இது ஏழாம் வகுப்போடு நின்ற தமிழ், தப்பு இருந்தால் சிரிக்காதீர்கள்.

அம்பிளி

---

அரபிக் கடல்
4 அக்டோபர்

அம்பிளி,

சரி. சரி. சரி.

மூன்று மெயிலாகவும் தனித்தனியே அனுப்பியிருக்கிறேன். ஒன்று கடலில் விழுந்தாலும் மற்றது வந்து சேரட்டும். டெக்கில் போய்க் கத்தினேன். குக் ஓடி வந்து யாராவது விழுந்துவிட்டார்களா என்று கேட்டார். எனக்கு மகள் என்றேன். உன் தமிழைப் பூட்டு மாதிரி வைத்திருந்தோம், நானே திறந்து விட்டுவிட்டேன். இன்று எல்லோருக்கும் பாயசம்.

இப்போது நான் சொல்வதைக் கேள். அந்தத் தெற்கு அறையைக் காலி பண்ணு. இடப்பள்ளியில் பெரிய கடைக்குப் போ. கட்டில், அலமாரி, மேசை எல்லாம் ஒரே செட்டாக, பளபளவென்று, பொம்மைப் படம் போட்டதாக எடு. பெட்டி பிரிக்காமல் வரட்டும். நான் வந்து பிரிக்கிறேன். எல்லாம் புதுசு. ஒரு ஆணி கூடப் பழசாக இருக்கக் கூடாது.

அஜீஷ்

---

மட்டாஞ்சேரி
7 அக்டோபர்

அத்தான்,

நீங்கள் சொன்ன கடைக்குப் போனேன். முதலாளி மாதிரி சுற்றிப் பார்த்தேன். ஒரு அலமாரிக் கதவைத் திறந்ததும் கண் எரிந்தது. ஏலூர் ரசாயனக் கம்பெனி லேபில் ஏழு வருடம் நின்றவள் நான், என் மூக்கை ஏமாற்ற முடியாது. மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பலகை. அந்தப் பசை மாதக் கணக்கில் வாடை விடும். நம் மகள் அந்த அலமாரிக்குப் பக்கத்தில்தானே மூச்சு விடுவாள்? இந்தப் பலகை எங்கிருந்து வருகிறது, யார் செய்தது என்று கேட்டேன். கடைப் பையன், “சேச்சி, அது கம்பெனி” என்றான். அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும்.

பிறகு யூதத் தெருவில் பழைய சாமான் கடைகள். ஒரு அலமாரிக்கு நூறு வயது என்றார் கடைக்காரர். மோந்து பார்த்தேன். போன வாரம் செய்ததைச் சாயாத் தண்ணீரில் குளிப்பாட்டி வைத்திருக்கிறார். சொன்னதும் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. இப்போது அந்தத் தெருவில் நான் வருவது தெரிந்தால் உள்ளே போய்விடுகிறார்கள்.

அதனால் நானே முடிவு பண்ணிவிட்டேன். சுவருக்குச் சுண்ணாம்பு, அதில் கொஞ்சம் மஞ்சள் காவி. ஈரச் சுவரும் அதில் மூச்சு விடும். ஜன்னலுக்குச் சேந்தமங்கலம் கைத்தறி, நெய்த அக்காவையே பார்த்துப் பேசிவிட்டு வந்தேன். மெத்தை தேங்காய் நாரும் ரப்பர் பாலும். கட்டிலுக்குத்தான் நல்ல யோசனை. வல்லார்பாடத்தில் கண்டெய்னரில் சரக்குக்கு அடியில் வருமே மரத்தட்டு, அது கொச்சங்காடி கிடங்கில் குவிந்து கிடக்கிறது. நல்ல பைன் மரம். எரித்துத் தள்ளுகிறார்கள். அதைப் பிரித்துக் கட்டில் செய்யத் தச்சர் நாணு மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். ஒரு மரம் வெட்ட வேண்டாம். உங்களை மாதிரியே கடல் கடந்து வந்த மரம்.

எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அம்பிளி

---

அரபிக் கடல்
9 அக்டோபர்

அம்பிளி,

வேண்டாம்.

சுண்ணாம்பு அடி, நார் மெத்தை போடு, அதெல்லாம் உன் இஷ்டம். கட்டில் மட்டும் அடுத்தவன் எரிக்கப் போட்டதில் வேண்டாம்.

உனக்குத் தெரியாதது இல்லை. அப்பா சுடலைமுத்து கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்த்தார். குப்பை எடுக்கப் போன வீடுகளில் கொடுத்த கட்டில், கொடுத்த பாய், கொடுத்த சட்டை. எங்கள் வீட்டில் அரிசியைத் தவிர எல்லாமே இன்னொருவர் வேண்டாம் என்று சொன்னது. ஐந்தாம் வகுப்பில் ஒருத்தன் என் சட்டையைப் பிடித்து, “இது எங்க அண்ணன்டெ ஷர்ட்டாக்கும்” என்றான். மூன்றாவது பொத்தான் மாறியிருப்பது வரை அடையாளம் சொன்னான். வகுப்பே சிரித்தது. அன்றைக்குச் சத்தியம் பண்ணினேன், நான் கட்டும் வீட்டுக்குள் பழையது நுழையக் கூடாது என்று.

காசு உள்ளவன் பழைய பலகையைச் சுவரில் மாட்டினால் அது அழகு. நாம் மாட்டினால் அது நம் பழைய கதை. உனக்கு இது புரியாவிட்டால் யாருக்குப் புரியும்?

அஜீஷ்

---

மட்டாஞ்சேரி
12 அக்டோபர்

அத்தான்,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை அழுகை வந்தது. மூன்றாவது தடவை கோபம் வந்தது.

உங்கள் அப்பா கொண்டுவந்தது அடுத்தவர் இரக்கப்பட்டுக் கொடுத்தது. இது நான் தேடிப் பிடித்து, தட்டிப் பார்த்து, தேர்ந்தெடுத்தது. இரண்டும் ஒன்றா? எங்கள் அப்பாவும் அதே கார்ப்பரேஷன் வண்டிதான் தள்ளினார். எனக்கும் சட்டைக் கதை உண்டு, நான் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

நான் சும்மா குப்பையைப் பொறுக்கவில்லை. ஒவ்வொரு பலகையிலும் சூடு வைத்த மாதிரி உலக முத்திரை இருக்கிறது. அது இருப்பதை மட்டும்தான் எடுத்தேன். உங்களுக்காக அப்படியே பார்த்து எழுதுகிறேன்: இடது பக்கம் ஒரு நெற்கதிர்ச் சின்னம், பிறகு நாட்டின் இரண்டு எழுத்து, ஒரு எண், கடைசியில் எம்.பி. எல்லாப் பலகையிலும் எம்.பி. கடையில் விற்கும் எந்தக் கட்டிலிலாவது இப்படிச் சோதித்த முத்திரை உண்டா?

மேஸ்திரி இழைக்க ஆரம்பித்துவிட்டார். நாலு நாளில் முடிந்துவிடும். வந்து பார்த்துவிட்டுச் சண்டை போடுங்கள்.

அம்பிளி

---

அரபிக் கடல்
13 அக்டோபர்

அம்பிளி, உடனே நிறுத்து.

அது தர முத்திரை இல்லை. பூச்சி கப்பல் ஏறி நாடு விட்டு நாடு போகாமல் இருக்க அந்த மரத்துக்கு என்ன செய்தார்கள் என்பதன் குறி. எச்.டி. என்றிருந்தால் சூடு காட்டியது, பயமில்லை. எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு, விஷ வாயு. அந்த வாயு போட்ட கண்டெய்னரைத் திறக்கும்போது எங்களைப் பக்கத்தில் நிற்க விடமாட்டார்கள். அந்த மரத்தில் பிள்ளைக்குக் கட்டில் செய்யக் கூடாது. அடுப்பிலும் வைக்காதே. அம்மாவிடம் சொல்லிவை, விறகு என்று எடுத்துவிடப் போகிறார்.

இன்னொன்று. பிள்ளையின் மூச்சைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். நாணு மேஸ்திரி மூக்கில் துணியாவது கட்டியிருந்தாரா?

இங்கே காற்றும் மழையும். மெயில் போகவில்லை என்கிறார்கள். திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கிறேன்.

அஜீஷ்

---

மட்டாஞ்சேரி
15 அக்டோபர்

அத்தான்,

மூன்று நாளாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. கோபம் என்று தெரியும். இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கட்டில் முடிந்துவிட்டது!

நாலு பக்கமும் தாழ்வான அழித் தடுப்பு, அவளே ஏறி இறங்கலாம். இழைத்த மரம் வெண்ணெய் மாதிரி இருக்கிறது. நான் உள்ளே சுருண்டு படுத்துப் பார்த்தேன். அத்தை வந்து பார்த்துவிட்டு, “பிள்ளை வருதுக்கு முன்ன அம்மை பிள்ளையாயாச்சு” என்றார். மஞ்சள் சுவர், வெள்ளை ஜன்னல் துணி, நடுவில் இந்தக் கட்டில். எந்த வாடையும் இல்லை. எவ்வளவு மோந்து பார்த்தாலும் இல்லை.

கோபத்தை விட்டுவிட்டு எழுதுங்கள். இந்தச் சந்தோஷத்தைப் பாதியாக வைத்துக்கொள்ள முடியவில்லை.

அம்பிளி

---

மட்டாஞ்சேரி
16 அக்டோபர்

அத்தான்,

பதின்மூன்றாம் தேதி நீங்கள் எழுதியது இன்று காலைதான் வந்தது. ஒரே கடிதம் பதினொரு தடவை.

படித்ததும் கட்டிலைத் தூக்கி முற்றத்தில் போட்டேன். அறையைக் கழுவினேன். சுவரிலிருந்து என் தலைமுடி வரை கழுவினேன். ஏலூர் மூக்கு என்று பீற்றிக்கொண்டேனே, வாடையே இல்லாத விஷத்தை எந்த மூக்கு பிடிக்கும்? ஊரிலுள்ள கடைக்காரர்களை எல்லாம் நிறுத்தி வைத்து இது எங்கிருந்து வந்தது, யார் செய்தது என்று கேட்டவள், அந்த இரண்டு எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று ஒருவரையும் கேட்கவில்லை. முத்திரை இருக்கிறது என்றதும் கண்ணை மூடிக்கொண்டேன்.

மேஸ்திரி துணி கட்டவில்லை. நானும் சொல்லவில்லை. நாலு நாள் அந்தப் பொடியில் நின்றிருக்கிறார். உங்கள் கேள்விக்கு முன்னால் எனக்கு அது தோன்றவே இல்லை என்பதுதான் பெரிய வெட்கம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். போகிற வழியெல்லாம், “மோளே, நாப்பது வருஷமாயி மரப்பொடி திங்கறேன், ஒரு குழப்பமும் இல்லா” என்று சிரித்தார். டாக்டர் நெஞ்சைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. நல்ல முகமூடி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இனி அது இல்லாமல் உளி எடுக்க மாட்டேன் என்று அவரிடம் சத்தியம் வாங்கிவிட்டேன்.

பலகைகளைப் பிரித்துக் கிடங்கிலேயே திருப்பிக் கொடுத்தாயிற்று. மறுபடியும் சரக்கு தூக்கப் போகட்டும். கிடங்குக்காரரிடமும் விஷயத்தைச் சொல்லி, எரிக்க வேண்டாம் என்று கெஞ்சிவிட்டு வந்தேன்.

பிள்ளை வரப் பதினாலு நாள். கட்டில் இல்லை. நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். நாளைக்கு இடப்பள்ளிக்குப் போகிறேன்.

அம்பிளி

---

அரபிக் கடல்
18 அக்டோபர்

அம்பிளி,

ஜெயித்தேன் என்று எழுதாதே. எனக்கு என்னவோ போல் இருக்கிறது.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. தத்துக்கு நாம் எழுதிக் கொடுத்த வருடம், நம் உறவில் சஜியின் கல்யாணப் பந்தியில் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நம் சொந்தக்காரர் ஒருவர் சொன்னார், “எவளோ வேண்டாம்னு விட்டதைத் தூக்கிட்டு வரப்போறானாம்.” நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். எனக்கு வயிற்றுவலி என்று உன்னிடம் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? வலி வயிற்றில் இல்லை.

நான் புதுசு புதுசு என்று அடித்துக்கொள்வது அதனால்தான். அவள் இந்த வீட்டுக்குள் காலை வைக்கும்போது சுற்றிலும் அவளுக்காகவே பிறந்த சாமான் இருக்க வேண்டும். யாரோ விட்டது என்ற சொல் அவள் இருக்கும் அறையில் ஒரு பலகைக்குக் கூடப் பொருந்தக் கூடாது. பளபளப்புக்கு ஆசைப்பட்டுச் சொல்லவில்லை.

ஆனால் கண் எரியும் கட்டில் எனக்கும் வேண்டாம். நீ சொன்னது சரி. புதுசாகவும் இருக்க வேண்டும், பிள்ளைக்கும் செய்கிறவனுக்கும் கெடுதல் இல்லாமலும் இருக்க வேண்டும். அப்படி ஒன்று இருந்தால் நீ கண்டுபிடிப்பாய். யூதத் தெருவையே பயமுறுத்தியவள் நீ.

அஜீஷ்

---

மட்டாஞ்சேரி
21 அக்டோபர்

அத்தான்,

அந்தச் சொல்லை நீங்கள் ஆறு வருடம் தனியாகச் சுமந்ததற்கு உங்களை அடிக்க வேண்டும். வந்ததும் அடிக்கிறேன். முதலில் இதைக் கேளுங்கள்.

கிடைத்துவிட்டது!

ரப்பர் மரம். பெரும்பாவூரில் ஒரு அறுவை மில்லுக்குப் போனேன். இருபத்தைந்து வருடம் பால் கொடுத்து, இனிப் பால் இல்லை என்றான பிறகு தோட்டத்துக்காரர் வெட்டுகிற மரம். வெட்டிய இடத்தில் புதுக் கன்று வைக்கிறார்கள். காடு ஒன்றும் அழிவதில்லை. பலகையோ இதுவரை யாரும் தொடாதது. எனக்கு முன்னால் அறுத்தார்கள் அத்தான், ஈரம் தெரிந்தது! நீங்கள் கேட்ட புதுசு, நான் கேட்ட நல்லது, இரண்டும் ஒரே மரத்தில். மில்லிலேயே நின்று கை தட்டிவிட்டேன்.

இந்தத் தடவை கேள்வி கேட்டேன். மில்காரர் பாவம், சாயா வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தார். பூச்சிக்கு என்ன போடுகிறீர்கள் என்றேன். போராக்ஸ் கரைசல் என்றார். தொட்டியைக் காட்டுங்கள் என்றேன். காட்டினார். தொட்டியில் வேலை பார்ப்பவர்கள் கையுறை போட்டிருந்தார்கள். அங்கே இருந்த ஒரு பீகார்க்காரரிடம் சம்பளம் ஒழுங்காக வருமா என்று அரைகுறை ஹிந்தியில் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே மில்காரரைப் பார்த்தார், மில்காரர் என்னைப் பார்த்தார். வருகிறது என்று பீகார்க்காரர் தலையாட்டினார். அதற்குமேல் எனக்கு ஹிந்தி தெரியாது.

முன்பே உலர்த்தி வைத்திருந்த பலகையைத்தான் ஏற்றிக்கொண்டு வந்தேன். மேஸ்திரி முகமூடியோடு உட்கார்ந்திருக்கிறார். பசை வேண்டாம், மர ஆணி போதும் என்கிறார். மேலே தேன்மெழுகு. வந்து பிரிக்கப் பெட்டிதான் இருக்காது.

அம்பிளி

---

அரபிக் கடல்
24 அக்டோபர்

அம்பிளி,

உன் கடிதத்தைக் குக்குக்கு மலையாளத்தில் படித்துக் காட்டினேன். அந்தப் பீகார்க்காரர் வரும் இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஒன்று கேட்க வேண்டும், கேட்கக் கூச்சமாக இருக்கிறது. துறைமுகத்துக்குள் வழிகாட்டும் பைலட் கப்பலில் ஏறுவதற்குத் தொங்க விடும் கயிற்றேணி ஒன்று காலாவதியாகிவிட்டது. கயிறு நல்ல மணிலா நார், ஆனால் வருடம் முடிந்தால் ஏணிக்கு ஆகாது. வீசச் சொன்னார்கள். பத்து நாளாக ஓய்வு நேரத்தில் அதைப் பிரித்துக் கழுவிக் காயவைத்துப் பின்னினேன். கட்டிலிலிருந்து இறங்கும்போது அவள் கால் வைக்க ஒரு மிதியடி. வட்டமாக வந்திருக்கிறது, ஒரு பக்கம் கொஞ்சம் கோணல்.

பழையதுதான். நான் சொன்னதை நானே மீறுகிறேன். வேண்டாம் என்றால் கடலில் போட்டுவிடுகிறேன்.

அஜீஷ்

---

மட்டாஞ்சேரி
26 அக்டோபர்

அத்தான்,

கடலில் போட்டீர்கள் என்றால் நீங்களும் கூடவே குதித்துக்கொள்ளுங்கள்.

கயிற்றில் எண்ணெயோ மருந்தோ பட்டிருக்கிறதா, எத்தனை தடவை கழுவினீர்கள், என்ன போட்டுக் கழுவினீர்கள் என்று வந்ததும் பதில் சொல்ல வேண்டும். இந்த வீட்டில் எல்லாச் சாமானுக்கும் ஒரே சட்டம்தான்.

கட்டில் தயார். நான் ஏறிப் படுக்கவில்லை. முதலில் அவள்.

அம்பிளி

---

மட்டாஞ்சேரி
9 பிப்ரவரி 2026

அத்தான்,

இந்தக் கப்பலில் நெட் இருக்கிறது, தினமும் முகம் பார்த்துப் பேசுகிறோம். ஆனால் இதைச் சுப்ரியா மடியில் இருக்கும்போது பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

நீலத் துண்டைக் காணோம்.

உங்களுக்கு அந்தத் துண்டின் அருமை தெரியும். அவளைக் கூட்டி வந்த அன்று இல்லத்திலிருந்து அவள் கொண்டுவந்த ஒரே சொத்து அது. ஓரமெல்லாம் நைந்து, எத்தனை பிள்ளைகள் துடைத்தார்களோ, நிறமே போய்விட்டது. வாசலில் அதைப் பார்த்ததும் உங்கள் முகத்தை நான் கவனித்தேன். வாயைத் திறந்து ஏதாவது சொல்லப் போகிறீர்கள் என்று பயந்தேன். நீங்கள் குனிந்து, “துண்டுக்கும் இடம் வேணுமே, எங்க வைக்கலாம்?” என்று அவளைக் கேட்டீர்கள். அவள் கட்டிலையும் பார்க்கவில்லை, மஞ்சள் சுவரையும் பார்க்கவில்லை. உங்கள் கோணல் மிதியடியில் போய் உட்கார்ந்து, துண்டை மடியில் வைத்துக்கொண்டாள். நான் மூன்று வாரம் ஓடி ஓடிச் செய்த அறை அவள் கண்ணில் படவே அரை மணி ஆயிற்று.

அது இல்லாமல் அவள் தூங்கியதே இல்லை. நீங்கள் கப்பல் ஏறி இன்றோடு ஆறு நாள். அன்றிலிருந்து வீட்டைத் தலைகீழாகப் புரட்டிவிட்டேன். அத்தை கிணற்றைக்கூட எட்டிப் பார்த்தார். ஆச்சரியம் என்னவென்றால் அவள் அழவில்லை. எங்கே என்று கேட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். கட்டிலில் தலையணையைக் கட்டிக்கொண்டு நன்றாகத் தூங்குகிறாள். எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது.

உங்களுக்கு ஏதாவது தெரியுமா?

அம்பிளி

---

கப்பலில்
10 பிப்ரவரி

அம்பிளி,

தேடுவதை நிறுத்து. துண்டு என்னிடம் இருக்கிறது.

கடல் கொஞ்சம் அடங்கி, இன்றுதான் பையின் அடிவரை பிரித்தேன். என் புது ஷூவுக்குள் சுப்ரியா திணித்து வைத்திருந்தாள். ஒன்றும் புரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகுதான் நினைவு வந்தது. கிளம்புவதற்கு முந்தின நாள், கப்பலில் என்னோடு யார் தூங்குவார்கள் என்று கேட்டாள். யாரும் இல்லை, அப்பா தனியாகத்தான் என்றேன். சரி என்று போய்விட்டாள். அவ்வளவுதான் பேச்சு.

கம்பெனி கொடுத்த புதுப் போர்வை கவர் பிரிக்காமல் கிடக்கிறது. துண்டு தலையணை மேல் இருக்கிறது. துவைக்கவில்லை. அவள் வாசனை போய்விடும்.

இது அவளுக்குத் திரும்ப வேண்டுமா என்று மெதுவாகக் கேட்டுச் சொல். வேண்டும் என்றால் அடுத்த துறைமுகத்திலேயே பார்சலில் போடுகிறேன். ஆனால் அம்பிளி, வேண்டாம் என்று சொல்லிவிட்டால் எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருக்கும்.

அஜீஷ்